சிந்தனையும் சுற்றமும்
‘ஹன்னா ஆரென்ற்’ என்னும் திரைப்படம் குறித்த ஓர் ஆய்வு

அரசர்தம் வாழ்க்கையைத் திரைப்படமாக்குதல் எளிது. போரும் முடியும் படையும் கண்ணுக்குப் புலனாவன. இசைவாணர் வாழ்க்கையைப் படமாக்குதலும் எளிது. அவர்தம் இசையே பாதிப் பணியைச் செய்துவிடும். தத்துவ ஞானி ஒருவரின் வாழ்க்கையோ அத்தகையதன்று. அவர் செய்யும் அருந்தொழில் சிந்தித்தல் ஒன்றே. அத்தொழில் உள்ளத்தினுள்ளே நிகழ்வது. வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஒருவர் வாளா அமர்ந்திருப்பதாகவே தோன்றும். ஆதலின், தத்துவ ஞானியரைப் பற்றி எழும் படங்களிற் பல அவர்தம் சிந்தனையை ஒதுக்கிவிட்டுக் காதலையும் பூசலையும் மட்டுமே காட்டி அமைகின்றன. இக்குறைக்கு ஆளாகாது, சிந்தனையையும் உறவையும் ஒருங்கே காட்ட முயன்ற படம் ‘ஹன்னா ஆரென்ற்’ என்பது.

ஜேர்மனிய நெறியாளராகிய மார்கரேத்தே ஃபொன் துறொற்றா இயற்றிய இப்படம் 2012ஆம் ஆண்டிலே டொரொன்ரோத் திரைப்பட விழாவில் முதன்முதற் காட்டப்பெற்றது. திரைக்கதையை அவரும் பமெலா காற்ஸ் என்பவரும் இணைந்து எழுதினர். ஆரென்றாக நடித்தவர் பார்பரா சுக்கோவா. இவ்வம்மையாரைக் கொண்டு றோசா லக்சம்பேர்க்கின் வாழ்க்கையை 1986ஆம் ஆண்டிலும், இடைக்காலத் துறவியாகிய ஹில்டெகார்ட் என்பாரின் வாழ்க்கையை 2009ஆம் ஆண்டிலும் படமாக்கியவர் துறொற்றா. தாம் கொண்ட கருத்திற்காகத் தனித்து நின்ற பெண்டிரின் வரலாறே அவருக்கு உவந்த பொருள் என்பது இதனாற் பெறப்படும். 2013ஆம் ஆண்டு ஜேர்மனியத் திரைப்படப் பரிசளிப்பில் இப்படம் வெள்ளிப் பரிசையும், சுக்கோவா சிறந்த நடிகைக்குரிய பரிசையும் பெற்றனர்.

ஆரென்றின் வாழ்க்கை

படத்தின் பொருளை உணர்தற்கு ஆரென்றின் வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். ஹன்னா ஆரென்ற் 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரை அடுத்த லிண்டன் என்னுமிடத்தில் யூதக் குடும்பமொன்றிலே பிறந்தார். வளர்ந்தது, தத்துவ ஞானி கான்ற் வாழ்ந்த கோனிக்ஸ்பேர்க் நகரில். 1924ஆம் ஆண்டிலே, பதினெட்டு வயதில், மார்பேர்க் சர்வகலாசாலையை அடைந்து மார்ட்டின் ஹைடெகரின் மாணவியானார்.

ஹைடெகருக்கு அப்பொழுது வயது முப்பத்தைந்து. மனைவியும் இரு மைந்தரும் உடையவர். ‘இருத்தலும் காலமும்’ என்னும் அவரது பெருநூல் 1927ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. எனினும் அதற்கு முன்னரே அவர்தம் புகழ் மாணவரிடையே பரவியிருந்தது. ஆசிரியருக்கும் மாணவிக்குமிடையே மறைவான காதல் உறவு ஒன்று தோன்றிற்று. அவ்வுறவு நீடிக்கலாகாது என உணர்ந்த ஆரென்ற் மார்பேர்க்கை விட்டகன்று, ஹைடல்பேர்க்கிலே கார்ல் யாஸ்பர்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்று, புனித அகஸ்தீனின் அன்புக் கொள்கை பற்றி ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1929ஆம் ஆண்டில் நூலாயிற்று.

1933ஆம் ஆண்டு இருவர் வாழ்விலும் பெரும் பிளவை உண்டாக்கியது. ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய அவ்வாண்டிலே ஹைடெகர் பிறைபேர்க் சர்வகலாசாலையின் தலைவராகிய நாட்சிக் கட்சியிலும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அத்தலைமைப் பதவியைத் துறந்தாராயினும், கட்சி அங்கத்துவத்தை 1945 வரை விட்டாரல்லர். அதே 1933ஆம் ஆண்டில், யூத எதிர்ப்புப் பிரசாரத்தைப் பற்றிய சான்றுகளைத் தொகுத்தமைக்காக ஆரென்ற் பேர்லினிற் கைது செய்யப்பட்டார். விடுதலையானதும் தாய்நாட்டை விட்டுத் தப்பியோடிப் பாரிஸ் நகரை அடைந்தார். ஆசிரியர் பதவி ஏறிய ஆண்டிலே மாணவி அகதியானார்.

பாரிஸிலே ஹைன்றிக் புளூக்கர் என்பாரைச் சந்தித்து 1940ஆம் ஆண்டில் அவரை மணந்தார். அவ்வாண்டிலேயே பிரான்சின் தென்பகுதியிலுள்ள கூர்ஸ் தடுப்பு முகாமிலே அடைக்கப்பட்டார். அங்கிருந்து நீங்கி, லிஸ்பன் வழியாக 1941ஆம் ஆண்டு நியூ யோர்க் சேர்ந்தார். பல்லாண்டு நாடற்றவராயிருந்தவர்க்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1951ஆம் ஆண்டிலே. சர்வாதிகாரத்தின் தோற்றத்தை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்து, அவரை உலகறிந்த அறிஞராக்கிற்று.

யெரூசலேம் வழக்கு

திரைப்படம் இவ்வாழ்க்கை முழுவதையும் காட்ட முயலவில்லை. பிறப்பிலிருந்து இறப்புவரை நிகழ்ச்சிகளை நிரல்படுத்தும் வழக்கத்தை விடுத்து, 1960ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டளவில் நிகழ்ந்தவற்றையே அது பொருளாகக் கொண்டது. இருளிலே பேருந்தினின்று இறங்கி நடக்கும் ஒருவன் திடீரெனக் கடத்தப்படுவது முதற் காட்சி. அவனே அடோல்வ் ஐக்மன்; யூத மக்களைக் கொலைக்களங்களுக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டிப் போக்குவரத்தை ஒழுங்குசெய்த நாட்சி அதிகாரி. ஆஜென்ரீனாவில் ஒளிந்து வாழ்ந்த அவனை இஸ்றேலிய உளவாளர் 1960ஆம் ஆண்டு மே மாதத்திற் பிடித்தனர். 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி யெரூசலேமில் வழக்குத் தொடங்கியது. ‘நியூ யோர்க்கர்’ சஞ்சிகையின் சார்பில் அவ்வழக்கைக் காணத் தாமே முன்வந்து சென்றார் ஆரென்ற்.

கொடிய அரக்கன் ஒருவனைக் காணும் எதிர்பார்ப்போடு சென்றவர்க்கு அங்கே கண்ணாடிக் கூண்டினுள் தோன்றியவன், சளிபிடித்த மூக்கைத் துடைத்துக்கொண்டு, காகிதக் கட்டுகளைப் புரட்டும் ஒரு கந்தோர் அலுவலனே. அவன் பேசிய மொழியும் வியப்பளித்தது. அலுவலக மொழியன்றி வேறு மொழி தனக்குத் தெரியாதென அவனே ஒப்புக்கொண்டான். கான்றின் ஒழுக்க நெறிப்படி வாழ்ந்தவன் எனத் தன்னைப் பற்றி அவன் கூறியதும் ஆரென்றைத் திடுக்கிடச் செய்தது.

இவற்றையெல்லாம் சிந்தித்து அவர் எழுதிய கட்டுரைகள் 1963ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐந்து பகுதிகளாக வெளிவந்து, அவ்வாண்டிலேயே நூலாயின. நூலின் துணைத்தலைப்பில் இடம்பெற்ற ‘தீமையின் சாமானியத் தன்மை’ என்னும் தொடரே இன்றுவரை நிலவும் வாதத்துக்கு வித்து.

இத்தொடரைப் பலர் பிழைபட உணர்ந்தனர். ஐக்மன் செய்த தீமை சிறிதென்றோ, அவன் குற்றமற்றவன் என்றோ ஆரென்ற் கூறினாரல்லர். அவனுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை முறையானதே என்பது அவர் முடிபு. அவர் கூறியது வேறு. பெருந்தீமைக்குப் பெரும் வெறுப்பும் கொடிய உள்ளமும் வேண்டும் என்பது பழைய எண்ணம். தன் செயல் மற்றையோர்க்கு யாதாகும் என எண்ணிப் பாராத வெறுமையே பெருந்தீமைக்குப் போதுமானது என்பது அவர் கண்ட புதிய செய்தி. செயல் பயங்கரமானது, செய்தவனோ ஆழமற்றவன். பதவி உயர்வை நாடியும் கட்டளையைப் போற்றியும் வாழும் எத்தனையோ அலுவலரைப் போன்றவனே அவன். இவ்வுண்மை, அரக்கனைக் காண்பதினும் அச்சந்தருவது. என்னை? அரக்கர் சிலரே; சிந்தியாதார் பலர்.

எழுந்த புயல்

நூல் இரு காரணங்களாற் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஐக்மனைச் சாமானியன் என்றது அவன் பழியைக் குறைப்பதாகும் என்பது ஒன்று. மற்றையது இதனினும் கடுமையானது. நாட்சியர் அமைத்த யூத சபைகளின் தலைவர்கள், பெயர்ப் பட்டியல்களைத் தயாரித்தும் மக்களை ஒழுங்குசெய்தும் கொலையாளிகளுக்கு உதவினர் என்றும், அத்தகைய தலைமை இல்லாதிருந்தால் துன்பமும் குழப்பமும் மிகுந்திருக்குமாயினும் இறந்தோர் தொகை அவ்வளவு பெருகியிராது என்றும் ஆரென்ற் எழுதினார். பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த மக்களின் புண் ஆறாதிருந்த காலம் அது. அவர் கையாண்ட எள்ளல் கலந்த நடை அப்புண்ணிலே கோல்கொண்டு குத்தியது போலாயிற்று. அந்நூல் எபிரேய மொழியில் வெளிவந்தது 2000ஆம் ஆண்டிலேதான் என்பது அப்புயலின் வன்மையைக் காட்டும்.

படத்தின் உயிர்நிலை இங்கேயே உள்ளது. முகமறியாத வாசகரின் வசைக் கடிதங்களை ஆரென்ற் பொறுத்துக்கொள்கிறார். பொறுக்கலாற்றாதது நண்பரின் பிரிவு. ஹன்ஸ் யோனாஸ், மார்பேர்க்கிலே ஹைடெகரிடம் அவரோடு ஒருங்கு பயின்றவர். போரிலே பிரித்தானியப் படையின் யூதப் பிரிவில் நின்று போரிட்டவர். தம் அன்னையை அவுஸ்விற்ஸ் கொலைக்களத்திலே பறிகொடுத்தவர். அவர் ஆரென்றைக் கண்டித்து விலகும் காட்சியில், இருவரில் எவரும் பொய்யரல்லர் என்பதே காண்பாரை வருத்துவது. பின்னாளில் இவ்விருவரும் மீண்டும் நட்பாயினர் என்பது வரலாறு.

குர்ட் புளூமென்ஃபெல்ட் ஆரென்றுக்குத் தந்தையின் நிலையில் இருந்த முதியவர். நோயுற்றுக் கிடக்கும் அவரைக் காண ஆரென்ற் செல்கிறார். தன் இனத்தின்பால் அன்பில்லையா என்று முதியவர் வினவ, தாம் எந்த இனத்தையும் ஒருபோதும் நேசித்ததில்லை, நண்பரை நேசிப்பதன்றி வேறு நேசம் தமக்கு இயலாது என்னும் கருத்துப்பட அவர் விடையளிக்கிறார். முதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். படத்தில் மிகவும் நெஞ்சையுருக்கும் காட்சி இஃது.

ஆயினும் வரலாற்றில் இவ்வுரையாடல் இவ்வாறு நிகழ்ந்ததன்று. யூத மெய்ஞ்ஞான மரபை ஆராய்ந்த பேரறிஞர் கேர்ஷொம் ஷோலெம் 1963ஆம் ஆண்டில் ஆரென்றுக்கு எழுதிய கடிதத்திலேயே இவ்வினா எழுந்தது. ஆரென்றின் விடையும் கடிதமாகவே சென்றது. நெறியாளர் ஷோலெமின் வினாவைப் புளூமென்ஃபெல்டின் வாயில் வைத்தார். ஆசிரியர் ஒருவர் மாணவர்க்கு வரலாறாகக் கூறுதற்கு முன் இம்மாற்றத்தை அறிந்திருத்தல் வேண்டும். கலைநோக்கிலே இஃது ஏற்கத்தக்கதே. கருத்துப் போராக இருந்ததை உறவின் முறிவாக மாற்றியதனாலேயே, நண்பரை மட்டும் நேசிப்பேன் என்ற விடைக்கு ஆரென்ற் கொடுக்க நேர்ந்த விலை புலனாகின்றது. நண்பரை நேசிப்பேன் என்கிறார். அச்சொல்லைக் கேட்டு அகல்பவரே அந்நண்பர்.

இவ்விழப்புகளுக்கு ஈடாக நிற்பவை இரண்டு துணைகள். ஒருவர் கணவர் புளூக்கர். சர்வகலாசாலைப் பட்டம் பெறாது தம் அறிவின் வன்மையாலேயே பாட் கல்லூரியிலே பேராசிரியரானவர். மற்றவர் எழுத்தாளர் மேரி மக்கார்த்தி. ஆரென்றுக்குச் சார்பாகப் பகிரங்கமாக எழுதியவர் அவர். தோழி மறைந்தபின் முற்றுப்பெறாதிருந்த ‘உள்ளத்தின் வாழ்வு’ என்னும் நூலைப் பதிப்பித்து 1978ஆம் ஆண்டில் வெளிவரச் செய்தவரும் அவரே. இல்லத்துக் காட்சிகளில் நண்பர்கள் ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வாதிடுவதும், இடையே நகையாடுவதும், அகதிகளின் வாழ்வை உயிரோவியமாக்குகின்றன.

சிந்தனையைக் காட்டிய முறை

சிந்தித்தலைக் கண்ணுக்குக் காட்டுதல் எங்ஙனம்? துறொற்றா கையாண்ட முறைகள் இரண்டு. முதலாவது, அமைதி. ஆரென்ற் சாய்ந்து படுத்துப் புகைபிடித்தபடி இருக்கும் காட்சிகள் பன்முறை வருகின்றன. அங்கே எதுவும் நிகழவில்லை. ஆனால் முகத்திலே ஓர் எண்ணம் தோன்றுவதும் மறைவதும் தெரிகின்றன. இதனைச் சாதித்தது சுக்கோவாவின் நடிப்பு.

இரண்டாவது, ஐக்மனாக எந்நடிகரையும் நடிக்கச் செய்யாமை. வழக்கு நிகழ்ந்த காலத்திலே எடுக்கப்பெற்ற கறுப்பு வெள்ளைப் படச்சுருளே படத்தினுள் காட்டப்படுகின்றது. நடிகர் ஒருவர் நடித்திருப்பின், அவர்தம் திறமையைக் கண்டு மயங்கி, ஐக்மனின் வெறுமையைக் காணாது போயிருப்போர் பலர். உண்மை ஐக்மனின் முகத்தை ஆரென்ற் நோக்கியவாறே காண்போரும் நோக்கித் தாமே தீர்ப்புச் செய்யும் நிலைக்கு உள்ளாகின்றனர்.

படத்தின் இறுதியிலே ஆரென்ற் மாணவர் நிறைந்த மண்டபத்தில் ஆற்றும் நீண்ட உரை இவ்விரு முறைகளின் பயனாய் அமைகின்றது. அதுவரை உள்ளே நிகழ்ந்த சிந்தனை அங்கே சொல்லாக வெளிப்படுகின்றது. மாணவர் கைதட்டுகின்றனர். ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருந்த யோனாஸ் மனம் மாறாது எழுந்து வந்து தம் பிரிவை அறிவிக்கின்றார். வாதத்தில் வென்றவர் நண்பரை இழக்கின்றார்.

படத்தின் குறைகள்

சிறப்புகளைக் கூறுமிடத்துக் குறைகளையும் கூறுதலே நடுவுநிலைமை. ஆரென்றை எதிர்த்தோரிற் பெரும்பாலோர் சிறுமை மனத்தினராகவும் ஆத்திரக்காரராகவும் காட்டப்படுகின்றனர். உண்மையில் எதிர்ப்பாளரின் வாதங்களில் ஆராயத்தக்கன பல இருந்தன. யூத சபைகளைப் பற்றி 1972ஆம் ஆண்டில் ஐசாயா ட்றங்க் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி, அச்சபைகளின் நிலை ஊருக்கு ஊர் வேறுபட்டதென்றும், அத்தலைவர்கள் அகப்பட்டிருந்த நெருக்கடி ஒரு பொதுத் தீர்ப்புக்குள் அடங்காதென்றும் காட்டிற்று.

ஐக்மனைப் பற்றிய கணிப்பும் அவ்வாறே. ஆஜென்ரீனாவில் ஒளிந்திருந்த காலத்து ஐக்மன் பழைய நாட்சியரோடு பேசிய பேச்சுகள் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் உள்ளன. அவற்றை ஆராய்ந்து பெற்றீனா ஸ்ராங்நெற் என்னும் ஜேர்மனிய அறிஞர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஐக்மன் கட்டளைக்கு அடங்கிய வெறும் எழுதுவினைஞன் அல்லன், தன் கொள்கையில் ஊறிய யூதப் பகைவன் என்பது நிறுவப்பட்டது. யெரூசலேமிற் காட்டிய சாமானிய முகம் உயிர் தப்புதற்குப் பூண்ட வேடமாகும் என்பது அவர் துணிபு. ஆரென்ற் வழக்கு முழுவதும் அங்கே இருந்தவருமல்லர். இந்நூலுக்கு அடுத்த ஆண்டிலே வெளிவந்த திரைப்படம் இவ்வையத்தை எழுப்பவே இல்லை.

அவ்வாறாயின் ஆரென்றின் கொள்கை வீழ்ந்ததோ எனின், அன்று. ஐக்மன் என்னும் ஒருவனைப் பற்றிய கணிப்பு பிழைபட்டிருத்தல் கூடும். ஆயின், புகைவண்டி அட்டவணை எழுதியோர், முத்திரை குத்தியோர், கணக்குப் பார்த்தோர் எனப் பல்லாயிரவர் கூடி இயற்றிய கொலைத்தொழிலை, அவர் யாவரும் அரக்கர் என்று கூறி விளக்குதல் இயலாது. சான்று ஒன்று பொருந்தாமையால் கொள்கை முழுவதும் பொய்யாகாது. கொள்கை உண்மையாதலால் சான்று பொருந்திவிட்டதாகவும் ஆகாது. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காண்பதே ஆய்வுநெறி.

ஆசிரியர் என்னும் வினா

இனி, ஹைடெகரின் பகுதி நோக்கற்பாலது. படத்தில் அவர் தோன்றும் காட்சிகள் சிலவே. யாவும் நினைவாக வருவன. சிந்திக்கக் கற்கவேண்டும் என்னும் வேட்கையோடு இளம் மாணவி ஆசிரியரின் அறையை நாடிச் செல்கின்றாள். இவை காதற்சுவைக்காகச் சேர்க்கப்பட்டவை என்று கூறியவர் உளர். ஆழ்ந்து நோக்கின், படத்தின் தலையாய வினா அவற்றுள்ளேயே மறைந்திருத்தல் தெரியவரும்.

ஐக்மன் சிந்தியாமையாற் கெட்டான் என்பது ஆரென்றின் முடிபு. சிந்தனை தீமையைத் தடுக்கும் அரணாதல் கூடும் என்பது அதன் மறுதலை. அங்ஙனமாயின், அவர்க்குச் சிந்திக்கக் கற்பித்த ஆசிரியரின் நிலை யாது? தம் காலத்துச் சிந்தனையாளருள் முதல்வரெனப் போற்றப்பெற்ற ஹைடெகர் நாட்சியருக்குத் தம் கையை நீட்டினாரே! சிந்தியாதவனும் வீழ்ந்தான்; சிந்தனையே தொழிலாகக் கொண்டவரும் வீழ்ந்தார். இவ்விருவரையும் ஒரே கதையில் வைத்ததனாற் படம் தன் தலைவியின் கொள்கையையே ஐயத்துக்குள்ளாக்குகின்றது.

ஆரென்ற் இவ்வினாவை அறியாதவரல்லர். போருக்குப்பின் 1950ஆம் ஆண்டில் அவர் ஹைடெகரை மீண்டும் சந்தித்தார். தொடர்பு முற்றாக அறவில்லை. ஹைடெகரின் எண்பதாவது பிறந்தநாளையொட்டி 1969ஆம் ஆண்டில் ஆற்றிய உரையிலே, கொடுங்கோலனைத் திருத்தலாமென நம்பிச் சிரக்கூசுக்குச் சென்ற பிளேற்றோவோடு அவரை ஒப்பிட்டு, அவர் பிழையை மென்மையாகவே பேசினார். தம் இனத்தின் தலைவர்கள்பால் காட்டாத கனிவை ஆசிரியர்பாற் காட்டினார் என்னும் குற்றச்சாட்டு இதனாலேயே எழுந்தது. நண்பரை மட்டுமே நேசிப்பேன் என்ற சொல்லின் மறுபக்கம் இது. நேசம் உள்ள இடத்தில் தீர்ப்பும் நெகிழ்ந்துவிடுகின்றது. ஹைடெகரின் குறிப்பேடுகள் 2014ஆம் ஆண்டு முதல் அச்சேறி அவற்றிலுள்ள யூத வெறுப்பு வெளிப்பட்டபின், அக்கனிவு மேலும் ஐயத்துக்குரியதாயிற்று.

ஆயினும் ஒரு விடை ஆரென்றின் எழுத்துகளிலிருந்தே பெறத்தக்கது. சிந்தனை இருவகைத்து. உலகினின்று ஒதுங்கி உள்ளத்தே உறைவது ஒன்று. மற்றொருவரின் நிலையில் தன்னை நிறுத்தி, அவர் கண்ணால் நோக்கித் தீர்ப்பளிப்பது மற்றொன்று. முன்னையது ஹைடெகரிடம் நிரம்ப இருந்தது, பின்னையது இல்லை. ஐக்மனிடம் ஆரென்ற் கண்ட குறையும் பிறர் நிலையில் நின்று நோக்கும் ஆற்றல் இன்மையே. யூத சபைத் தலைவர்களைப் பற்றி எழுதியபோது அவ்வாற்றலைத் தாமே முற்றும் பயன்படுத்தினாரா என்பதே யோனாஸ் அவரை நோக்கி எழுப்பிய வினாவின் சாரம்.

புளூக்கர் 1970ஆம் ஆண்டில் மறைந்தார். ஆரென்ற் 1975ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி நியூ யோர்க்கில் உயிர்நீத்தார். அவர் கூறியன யாவும் மெய்யென ஏற்போர் இன்று சிலரே. அவர் எழுப்பிய வினாக்களை ஒதுக்கிவிட வல்லாரோ இலர். அவ்வினாக்களையும் அவற்றுக்காக அவர் இழந்த நண்பரையும் ஒருங்கு வைத்துக் காட்டியமையே இப்படத்தின் பயன். ஆசிரியரிடம் மாணவன் சிந்திக்கக் கற்கலாம். கற்பித்தவர் தாமே பிழைத்த இடத்தை அச்சிந்தனையைக் கொண்டே காண்பது மாணவனின் கடமை. கண்ட பின்னும் அவர் கற்பித்ததை எறிந்துவிடாது வைத்துக்கொள்வது அதனினும் அரிய கடமை. ஆரென்ற் பின்னையதைச் செய்தார். முன்னையதை முற்றச் செய்தாரா என்பதைப் படம் கூறாமல் விடுகின்றது. அத்தீர்ப்பு காண்போரிடமே விடப்பட்டுள்ளது.